பல்லக்கு முதல் ஆப் சைக்கிள் வரை: கல்கத்தாவின் வாடகை வண்டிகளும் சட்டமும்

கல்கத்தாவைப் பற்றி எழுத உட்காரும் நம்மவர்கள் டிராமை எழுதுவார்கள், ஹௌராப் பாலத்தை எழுதுவார்கள், வயதில் மூத்தவர்கள் லேக் மார்க்கெட்டை எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றைவிட ரொம்பச் சின்ன சமாச்சாரம். இரண்டு சக்கரம், ஒரு ஹாண்டில்பார், ஒரு மணி. ஆனால் ஒரு நகரம் தன் ஏழைகளை ஒரு கண்ணாலும் தன் கம்பெனிக்காரர்களை வேறொரு கண்ணாலும் எப்படிப் பார்த்தது என்பதை இந்தச் சின்ன வண்டியை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. (2001இல் ஊரின் பெயர் கொல்கத்தா என்று மாறிவிட்டது. பழக்க தோஷம், நான் கல்கத்தா என்றே எழுதுகிறேன்.)

2017ஆம் ஆண்டின் கடைசியில், ஸூம்கார் என்ற கார் வாடகை நிறுவனம் ‘பெடல்’ என்ற பெயரில் வாடகை சைக்கிள்களைப் பெங்களூரு, சென்னை, கல்கத்தா ஆகிய ஊர்களில் இறக்கியது. கைப்பேசியில் பணம் கட்டினால் பூட்டுத் திறக்கும். ஓட்டி முடித்ததும் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கும் வேலை இல்லை. அடுத்து வருகிறவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். இவற்றை ஆப் சைக்கிள் என்றே சொல்கிறேன்; இதற்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் ஒன்று அமையவில்லை.

நம் ஊரில் இவை வந்து இறங்கிய இடத்தைக் கவனியுங்கள். சௌரங்கியில் இல்லை, கரியாஹாட்டில் இல்லை. கிழக்கு விளிம்பில், சால்ட் லேக், நியூ டவுன் பக்கம். அகலமான புதுச் சாலைகள், தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள், சில இடங்களில் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை. இன்னொன்றும் உண்டு. அந்தப் பகுதி கல்கத்தா போலீஸின் எல்லையில் இல்லை. 2012 முதல் பிதான்நகர் போலீஸ் கமிஷனரேட்டின் கீழ் இருக்கிறது. ஆகவே கல்கத்தா போலீஸ் முக்கியச் சாலைகளில் சைக்கிளுக்குப் போட்டிருந்த தடை அங்கே செல்லாது. அதே நாட்களில் கல்கத்தா போலீஸ் எல்லைக்குள் தன் சொந்த சைக்கிளில் பால் கொண்டுவருகிற ஒருவர் அந்தத் தடைச் சாலையில் ஏறினால் அபராதம் கட்டவேண்டும். ஒரு பக்கம் யாருடைய வண்டி என்று பக்கத்தில் ஒருவரும் இல்லாத சைக்கிள் நடைபாதையில் சும்மா நிற்கலாம். இன்னொரு பக்கம் உடையவரே மேலே உட்கார்ந்து ஓட்டினாலும் குற்றம். இந்த வேடிக்கை எப்படி வந்தது என்று பார்க்கப்போனால் இருநூறு வருஷம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

பல்லக்கும் கடிகாரமும்

கல்கத்தாவில் வாடகை வண்டிகளை ஒழுங்குபடுத்த முயன்ற கதைகளில் மிகப் பழையதும் சுவையானதும் 1827ஆம் ஆண்டினுடையது. அப்போது வெள்ளைக்காரர்களும் பணக்கார பாபுக்களும் பல்லக்கில்தான் போவார்கள். தூக்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரிசாவிலிருந்து வந்தவர்கள். கூலி பேரம் பேசித்தான். மழை வந்தால் கூடும், இரவானால் கூடும், துரை அவசரத்தில் இருந்தால் இன்னும் கூடும். இதைச் சகிக்காத கம்பெனி அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு பல்லக்குத் தூக்கியும் பெயரைப் பதிவு செய்யவேண்டும், உரிமம் வாங்கவேண்டும், அடையாள வில்லையை அணியவேண்டும், நேரக் கணக்கில் நிர்ணயித்த கூலிதான் வாங்கவேண்டும்.

தூக்கிகள் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். இந்தியாவின் முதல் வேலைநிறுத்தங்களில் ஒன்று என்று சரித்திரக்காரர்கள் இதைக் குறிப்பிடுவது வழக்கம். வில்லை கட்டிக்கொள்வது அவர்களுக்கு மானப் பிரச்சினை. கூலியை மணிக்கணக்கில் அளப்பதும் பிடிக்கவில்லை. கடிகாரம் யார் கையில் இருந்தது? ஏறி உட்கார்ந்திருக்கிறவர் கையில்தானே! நகரம் சில நாள் தவித்தது. பிறகு என்ன ஆயிற்று என்றால், பீகார்ப் பக்கத்திலிருந்து வேறு தூக்கிகள் வந்து சேர்ந்தார்கள். பிரவுன்லோ என்ற ஒரு துரை தன் பல்லக்குக்குச் சக்கரம் மாட்டி, முன்னால் குதிரையையும் கட்டிவிட்டார். அதற்கு ‘பிரவுன்பெரி’ என்று பெயர் வந்து ரொம்ப நாள் ஓடியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பிரவுன்பெரியைச் சொல்லிச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதில் உறைப்பது வேறு. பதிவு எண், அடையாள வில்லை, நேரக் கணக்கில் கட்டணம் எல்லாமே இன்றைய ஆப் சைக்கிளிலும் இருக்கின்றன. 1827இல் அந்த எண்ணைச் சுமந்தது மனிதனின் உடம்பு. இப்போது சைக்கிளின் கம்பியில் ஒட்டிய சதுரக் கட்டம் சுமக்கிறது. அன்று அந்த எண்ணைக் கேட்டது அரசாங்கம். இன்று அதைத் தன் வசூலுக்காகக் கம்பெனியே ஒட்டிக்கொள்கிறது.

கை ரிக்ஷா

ஜப்பானில் 1869 வாக்கில் பிறந்த ரிக்ஷா சிம்லா வழியாக இந்தியாவுக்குள் வந்தது. கல்கத்தாவில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இங்கே குடியேறியிருந்த சீனர்கள். முதலில் சரக்கு ஏற்றத்தான். 1914இல்தான் ஆட்களை ஏற்ற அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள். ஐந்தே ஆண்டில், 1919இல், கல்கத்தா ஹாக்னி வண்டிச் சட்டம் வந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சட்டம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டது. இந்த வண்டி யாருடையது? இழுப்பவர் யார்? எத்தனை பேரை ஏற்றலாம்? என்ன கூலி? எங்கே நிற்கலாம்? வண்டிக்கு ஒரு பதிவும் இழுப்பவருக்குத் தனியாக ஓர் உரிமமும் என்று பிரித்து வைத்தது. இன்றைக்கும் ஒரு கை ரிக்ஷாவின் பின்னால் தகட்டில் எண் இருக்கும்.

ஆனால் சட்டம் கேட்ட கேள்விக்குத் தெரு வேறு பதில் சொல்லிற்று. இழுப்பவர் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்தவர். மகாஜனிடமிருந்து வண்டியை நாள் வாடகைக்கு எடுப்பார். இருவருக்கும் நடுவில் ஒரு சர்தார். இராத்தங்கல் ‘டேரா’ என்ற கொட்டகையில். விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊருக்குப் போய்விடுவார், அந்த வண்டியை வேறு ஒருவர் இழுப்பார். பிமல் ராய் 1953இல் எடுத்த ‘தோ பிகா ஜமீன்’ படத்தில் பல்ராஜ் சாஹ்னி இந்த நகரத்துத் தெருவில் ரிக்ஷா இழுத்துக்கொண்டு ஓடுவாரே, அந்தப் பாத்திரமும் நிலத்தை மீட்கப் பணம் தேடி வந்த குடியானவன்தான். உரிமம் பெற்ற வண்டிகளின் எண்ணிக்கை ஆறாயிரத்தை ஒட்டி இருந்தது. உரிமம் இல்லாமல் ஓடியவை அதற்கும் மேல். எண்ணிக்கைக்கு வரம்பு போட்டதால் உரிமத்துக்கே ஒரு விலை வந்தது. அந்த விலை இழுப்பவர் கைக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் இதை வேறு விதமாக முடித்தார்கள். 1973இல் மு. கருணாநிதி அரசு கை ரிக்ஷாவை ஒழித்து, இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷாவைக் கொடுத்தது. தடை செய்த கையே மாற்று வண்டியையும் கொடுத்தது என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

பஞ்சாபில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1975இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: சைக்கிள் ரிக்ஷாவை ஓட்டுகிறவர் எவரோ அவருக்குத்தான் அதை வைத்திருக்கும் உரிமம். நல்ல எண்ணம்தான். ஆனால் வண்டி வாங்கப் பணமில்லாத ஓட்டுநர், இருந்த வாடகை வண்டியையும் இழந்து தெருவில் நிற்பாரே! அமிர்தசரஸ் ரிக்ஷாக்காரர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, 1980இல், பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் சட்டத்தை ரத்து செய்வதா வேண்டாமா என்பதோடு நிற்கவில்லை. யார் விண்ணப்பிக்கவேண்டும், நகராட்சி என்ன செய்யவேண்டும், எந்த வங்கி கடன் கொடுக்கவேண்டும் என்று ஒரு திட்டத்தையே தீர்ப்பில் எழுதிவைத்தார். தீர்ப்பு என்று எடுத்தால் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயல்முறை போல இருக்கும்!

இதற்கு நேர் எதிரான தீர்ப்பு 2010இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வந்தது. தில்லியில் சைக்கிள் ரிக்ஷாக்களின் எண்ணிக்கை 99,000ஐத் தாண்டக்கூடாது, ஓட்டுகிறவர்தான் உடையவராக இருக்கவேண்டும் என்ற இரண்டு விதிகளும் அடிபட்டன. 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஊருக்கும் நகரத்துக்கும் போய் வந்துகொண்டிருக்கிறவனுக்குச் சில மாத வாடகை வண்டிதான் வசதி என்ற உண்மை அங்கே எடுபட்டது. இரண்டு தீர்ப்பும் சரியாகத்தான் எனக்குப் படுகின்றன. ஒன்று கடனோடு வந்த விதி, மற்றது வெறுங்கையோடு வந்த விதி.

கல்கத்தாவில்? 2005ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா கை ரிக்ஷாவை எடுத்துவிடப்போவதாக அறிவித்தார். மனிதனை மனிதன் இழுப்பது மானக்கேடு என்பது வாதம். அதில் யாருக்கு மறுப்பு? 2006 டிசம்பரில் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. வழக்கு உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. அதோடு சரி. புது உரிமம் கொடுப்பதில்லை, பழையவர்களுக்குத் தெளிவான மாற்று வேலையும் இல்லை. வடக்குக் கல்கத்தாவின் சந்துகளில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நிற்கிற ஆடி, ஆவணியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கரை சேர்ப்பது இன்றும் அந்த வண்டிதான்.

சொந்த சைக்கிளுக்கு வந்த தடை

2006ஆம் ஆண்டு இன்னொரு விதத்தில் முக்கியம். மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை அந்த ஆண்டுதான் வெளியானது. நகரங்கள் வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதைக் கவனிக்கவேண்டும், நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் சாலையில் இடம் ஒதுக்கவேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு வருஷம் கழித்து, 2008இல், கல்கத்தா போலீஸ் 38 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது. 2013இல் அந்த எண்ணிக்கை 174 ஆயிற்று. சைக்கிளோடு தள்ளுவண்டி, சைக்கிள் வேன் எல்லாம் சேர்த்துத்தான். எதிர்ப்பு கிளம்பியது, ஊர்வலம் போனார்கள், பொதுநல வழக்கும் போட்டார்கள். மறு ஆண்டு 62 சாலைகளாகக் குறைத்தார்கள்.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களை அடியோடு தள்ளிவிடுவது நியாயமில்லை. கல்கத்தாவின் பரப்பில் சாலைக்குக் கிடைப்பது ஆறு சதவீதம் என்பது எல்லோரும் எடுத்துச் சொல்லும் கணக்கு. தில்லியில் இருபதைத் தாண்டும். அந்த ஆறு சதவீதத்தில் டிராம், பஸ், மினிபஸ், மஞ்சள் டாக்சி, ஆட்டோ என்று எல்லாமும் அடங்கவேண்டும். மினிபஸ் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, சைக்கிள்காரரின் உயிரைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை என்ற வாதமும் புரியும். ஆனால் இடம் போதவில்லை என்றால் குறைக்க வேண்டியது அதிக இடத்தை அடைக்கிற வண்டியை அல்லவா? ஒரே ஆளை ஏற்றிக்கொண்டு நிற்கிற காரின் இடத்தில் எத்தனை சைக்கிள் நிற்கும் என்பதற்கு நிபுணர் அறிக்கை வேண்டியதில்லை.

இந்தத் தடையால் அடிபட்டவர்கள் யார்? விடியற்காலையில் பேப்பர் போடுகிறவர், பால்காரர், மிட்டாய்க்கடைக்குச் சானா கொண்டுபோகிறவர், மீன் கூடைக்காரர், குழாய் ரிப்பேர்க்காரர், காவலாளி. சோனார்பூர், கரியா, பேஹாலாப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பஸ் கட்டணத்தை மிச்சம் பிடித்தால்தான் மாசக் கடைசி தள்ளும் என்கிற குடும்பங்கள். அவர்களில் ஒருவரிடம் நான் கேட்டேன், சந்துக்குள்ளேயே போகலாமே என்று. “சந்துலயே போகலாம் பாபு. ஆனா சந்துக்கும் சந்துக்கும் நடுவுல பெரிய ரோடு வருதே, அதைத் தூக்கிக்கிட்டுப் பறக்கவா?” என்றார் வங்காளியில். மேலே ஏறினால் சவாரி, இறங்கித் தள்ளினால் நடை. ரோட்டைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டே போகிற சைக்கிள்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, இயந்திர சக்தியில் ஓடுவதுதான் மோட்டார் வாகனம். மிதிவண்டி அந்தக் கணக்கில் வராது. அதற்குப் பதிவு எண் கிடையாது, லைசன்ஸ் கிடையாது, நிற்குமிடம் என்று சட்டம் ஒதுக்கியதும் கிடையாது. உரிமை என்று ஒன்றும் எழுதிக் கொடுக்கப்படாத வண்டிக்குத் தடை மட்டும் எழுதப்பட்டது.

இதே வங்காளம்தான் ஒரு காலத்தில் நாட்டுக்கு சைக்கிள் செய்து கொடுத்தது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். சுதீர் குமார் சென் இங்கிலாந்தின் ராலே கம்பெனியோடு சேர்ந்து ஆசன்சோல் அருகே கன்யாபூரில் தொடங்கிய சென்-ராலே தொழிற்சாலை, நம் அம்பத்தூர் டிஐ சைக்கிள் தொழிற்சாலைக்குச் சமகாலத்தது. அம்பத்தூர் ஹெர்குலிஸ், கன்யாபூர் ராலே என்று இரண்டு அணியாக வாதாடிய தலைமுறை ஒன்று இருந்தது. கன்யாபூர் ஆலை 1980இல் அரசுடைமையாகி, பின்னர் மூடப்பட்டும் போச்சு.

இன்னொரு முரண். 2015 முதல் மேற்கு வங்க அரசு ‘சபுஜ் சாத்தி’ திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியருக்கு சைக்கிள் கொடுத்து வந்தது. ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தாயிற்று. கிராமத்துப் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு அது செய்த உபகாரம் பெரியது. அந்தப் பிள்ளை படித்து முடித்து அதே சைக்கிளில் தலைநகரத்துக்கு வேலைக்கு வந்தால்? தடைச் சாலையின் முனையில் இறங்கவேண்டியதுதான்.

2020இல் கொரோனா வந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை. ஜனங்கள் முப்பது, நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வேலைக்கு வந்தார்கள். அந்த ஜூன் மாதம், முதலமைச்சர் மம்தா பானர்ஜி சொன்னதன் பேரில், போலீஸ் தடையைத் தளர்த்தியது. மேம்பாலங்களும் பெரிய சாலைகளும் தவிர மற்றவற்றில் ஓட்டலாம் என்றார்கள். சைக்கிள் பாதை அமைக்கத் திட்டம் தீட்டும் பேச்சும் அதோடு வந்தது. பஸ் ஓடத் தொடங்கியதும் பேச்சு தணிந்தது.

நிற்கிற வண்டியின் பிரச்சினை

இனி ஆப் சைக்கிளுக்கு வருவோம். இதன் மூதாதை 1965இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தது. ப்ரோவோ என்ற இளைஞர் குழு சில சைக்கிள்களுக்கு வெள்ளைச் சாயம் பூசித் தெருவில் விட்டது: யார் வேண்டுமானாலும் எடுங்கள், எங்கே வேண்டுமானாலும் விடுங்கள், காசு வேண்டாம். போலீஸ் வந்து சைக்கிள்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம்! பூட்டும் கைப்பேசியும் ஒன்று சேர ஐம்பது வருஷம் ஆயிற்று. சீனாவில் ஓஃபோ, மோபைக் நிறுவனங்கள் முதலீட்டாளர் பணத்தில் வண்டிகளைக் கொட்டின. 2017 நடுவில் அந்த நாட்டில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேலான ஆப் சைக்கிள்கள். நடைபாதை, பூங்கா, ஆற்றங்கரை எங்கும் மலை மலையாகக் குவிந்தன. ஷாங்காய் போன்ற நகரங்கள் இனிப் புது வண்டி இறக்கக்கூடாது என்று நிறுத்தின. 2018 கடைசியில் ஓஃபோவிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கோடிப் பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள்.

அதே ஓஃபோவின் மஞ்சள் சைக்கிள் 2018இல் கோயம்புத்தூரிலும் நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் கம்பெனி இந்தியாவை விட்டே போயாச்சு.

சிங்கப்பூர் இதைக் கையாண்ட விதம் படிக்கத் தக்கது. 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. கம்பெனிக்கு உரிமம் வேண்டும். எத்தனை வண்டி என்பதை அரசின் தரைப் போக்குவரத்து ஆணையம் முடிவு செய்யும். ஓட்டியவர் குறித்த நிறுத்துமிடத்தில் உள்ள குறியீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்தால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு, கண்ட இடத்தில் விட்டால் ஐந்து வெள்ளி தண்டம். இந்த விதி வரப்போகிறது என்றதும், 2018 ஜூனில், ஓபைக் நிறுவனம் வாடிக்கையாளரின் முன்பணத்தோடு கடையைக் கட்டிவிட்டது. விதி கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பணம் பிழைத்திருக்கும். பாரீஸ் இன்னும் ஒரு படி போயிற்று: வாடகை மின் ஸ்கூட்டர் வேண்டுமா என்று 2023 ஏப்ரலில் ஜனங்களிடமே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் 89 சதவீதம் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

நம் நாட்டில் மின் வண்டிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. மோட்டாரின் சக்தி 250 வாட்டைத் தாண்டாமலும் வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாமலும் இருந்தால், அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். பெங்களூரில் யூலு போன்ற வாடகை வண்டிகள் இந்த விலக்கில்தான் ஓடுகின்றன. ஆக, சாதா சைக்கிளானாலும் சின்ன மின் வண்டியானாலும், ஆயிரக்கணக்கில் வாடகைக்கு விடுகிற கம்பெனியை வண்டிச் சட்டம் தொடுவதே இல்லை. நகராட்சியோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்றுதான் பிடி. ஒப்பந்தம் முடிந்தாலோ, கம்பெனி போனாலோ, நிற்கிற வண்டி அனாதை.

பழைய வாடகை சைக்கிள் கடையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாயவரத்தில் எங்கள் தெருமுனையில் ஒன்று இருந்தது. மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் எண். நகராட்சி வண்டி வரி கட்டியதற்கு ஒரு தகர வில்லை. கல்லாப் பக்கத்தில் நீளமான நோட்டு. அதில் பேர், எண், எடுத்த மணி. “டேய் தம்பி, நீ போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் புள்ளதானே? ஆறு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுரணும், டபுள்ஸ் அடிச்சே, அப்பாகிட்ட வந்து சொல்லிப்புடுவேன்” என்பார் கடைக்காரர். முன்பணம் கிடையாது, அப்பா பெயர்தான் முன்பணம். அந்தப் பழைய ஏற்பாட்டில் எனக்கு மயக்கம் ஒன்றுமில்லை. அப்பா பெயர் தெரியாத வெளியூர்க்காரனுக்கும், சேரிப் பையனுக்கும் அந்தக் கடையில் வண்டி கிடைப்பது கஷ்டம். ஆப் சைக்கிள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, அது நிச்சயமாக முன்னேற்றம்தான். ஆனால் கடைக்காரர் ஒரு விஷயத்தில் தப்ப முடியாது: வண்டி சாக்கடையில் கிடந்தால் நகராட்சி ஆள் நேரே அவர் கடைக்கு வருவார்.

அந்தப் பொறுப்பைத்தான் சிங்கப்பூர் சட்டமாக எழுதியது. நம் 1919ஆம் ஆண்டுச் சட்டமும் தன் காலத்து மொழியில் அதையே எழுதியிருந்தது: உடையவர் இன்னார், எண் இன்னது, நிற்குமிடம் இன்னது. அந்தச் சட்டத்தைப் பழைய காகிதமென்று தள்ளாமல், ரிக்ஷா என்ற இடத்தில் வாடகை சைக்கிளையும் மின் ஸ்கூட்டரையும் சேர்த்து எழுதினாலே பாதி வேலை முடியும் என்பேன். மறுபாதி, சொந்த சைக்கிள் ஓட்டுகிறவர் மேல் இருக்கிற தடையை எடுப்பது. இது இல்லாமல் அது மட்டும் செய்தால், காசு கட்டி ஓட்டுகிறவனுக்குப் பாதை, சொந்தமாக வைத்திருக்கிறவனுக்கு அபராதம் என்று ஆகிவிடும். நியூ டவுனில் பெடல் வந்த நாட்களில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. அந்த பெடல் சைக்கிளும் நிலைக்கவில்லை. சில வருஷத்துக்குள் மறைந்துவிட்டது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, ஒருவரும் சட்டம் எழுதாமலே ஓர் ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. சியால்தா தெற்குப் பாதையில் சோனார்பூர், பாருய்பூர் போன்ற ஸ்டேஷன்களில் இறங்கிப் பாருங்கள். வெளியே வந்ததும் தகரக் கொட்டகைகள், ‘சைக்கிள் கேரேஜ்’ என்று பலகை. உள்ளே நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள், ஹாண்டிலோடு ஹாண்டில் கோத்து நிற்கும். தினசரிக் கட்டணம் உண்டு, மாதக் கணக்கும் உண்டு. காலையில் ஐந்து மைல் மிதித்து வந்து, வண்டியை விட்டுவிட்டு, டோக்கனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். சியால்தாவில் இறங்கிய பிறகு நடை. இரவு கடைசி லோக்கல் எவ்வளவு தாமதமாக வந்தாலும் கேரேஜ்காரர் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார், டோக்கன் பாக்கி இருக்கிறதே.